கல்லூரி விட்டதும் முதலாளியா?

அமெரிக்காவில் வளரும் கம்பெனிகளில் பங்கு மூலதனம் போடும் ஸ்தாபனங்களில், கல்லூரி விட்டதும் உத்தியோகம் கிடைப்பது பெரும் பாக்கியமென்று கருதப்படுகின்றது. பாஸ்டனில் 1968ல் தோன்றிய டி.ஏ. அசோசியேட்ஸ், 1984ல் தோன்றிய சம்மிட் பார்ட்னர்ஸ் ஆகியவை இதில் பேர்போனவை. ஆனால் அங்கு புதிதாய்ச் சேரும் வாலிபரின் வேலை என்ன? முன்பின் அறியாத கம்பெனித் தலைவர்களை டெலிபோனில் கூப்பிட்டு, வரும்படியையும் வளர்ச்சியையும் விசாரிப்பதே பெரும்பாலும் வேலையாகும். பணம் போட முடிவு செய்கிறவர்களோ மேலேயுள்ள கூட்டாளிகளே.

இதை நாம் இழிவென்று சொல்ல வரவில்லை. கேட்டுச் சோதிப்பது நல்ல பழக்கமேயாகும். ஆனால், கம்பெனியின் பேருக்கு மயங்காமல் கணக்கைப் பார்க்கப் பழகும் வாலிபர், தம் உத்தியோகத்தை மாத்திரம் பேரையும் சம்பளத்தையும் பார்த்து ஒப்புக்கொள்வது அறிவுடைமையாகுமா? இரண்டு வருஷத்தில் என்ன கற்போமென்று முதலில் கேட்கட்டும் என்றே நாம் சொல்லுகின்றோம்.