வழி வகுத்தபின் குடியமர்த்துக

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு வகுக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் இப்போது உருப்பெற்று வருகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லை, 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அரசாணை ஒன்றால் எல்லையை விரித்துவிடலாம். அவ்வெல்லைக்குள் வாழ்வோர் பணிக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நாள்தோறும் சென்று திரும்ப வழி செய்வது எளிதன்று. அதற்கு நிதி வேண்டும். நிலத்தையும் பயணத்தையும் சேர்த்தே எண்ணும் நிர்வாகமும் வேண்டும்.

இதுவரை நிலத் திட்டமும் பயணத் திட்டமும் சேர்ந்து நடந்ததில்லை. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த எளிய குடும்பங்கள் முதலில் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டன. குடியிருப்பு மாறிற்று, பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுவேலை செய்யும் பெண் விடியுமுன் எழுந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு நிறுத்தத்துக்கு ஓடுகிறாள். ஒரு பேருந்து தவறினால் வேலைக்குப் பிந்துகிறாள். பலமுறை பிந்தினால் வேலையே போகிறது. வீட்டைக் கட்டிய துறையின் கணக்கில் அது நிறைவுற்ற திட்டம். அவள் பயணத்துக்குப் பொறுப்பேற்ற துறை எது?

தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் அலுவலகங்களும் அடுக்ககங்களும் எழுந்தன. அச்சாலைக்கான மெட்ரோ பணி தொடங்கவோ இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இடைப்பட்ட காலத்தில் வசதி உள்ளவர் கார் வாங்கினர். இல்லாதவர் நெரிசலில் நின்றனர். அண்மைச் சான்று கிளாம்பாக்கம். பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது அருகே ரயில் நிலையம் இல்லை. தண்டவாளம் கூப்பிடு தூரத்தில் ஓடியது. ரயில் நிற்க நடைமேடைதான் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர் முதியோரும் குழந்தைகளும் மூட்டை முடிச்சுமாகப் பின்னிரவில் இறங்கி, அடுத்த வாகனத்துக்கு அல்லாடினர். பேருந்து நிலையம் வேறு கையாலும் ரயில் நிலையம் வேறு கையாலும் வகுக்கப்பட்டதன் விளைவு இது.

நிதியிலும் இதே பிளவு. 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதலோ 2024 அக்டோபரில்தான் கிடைத்தது. இடையில் சுமை மாநிலத்தின் தோளில் இருந்தது. மெட்ரோவின் தேவையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அதில் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் செல்கையில், மாநகரப் பேருந்துகளில் சுமார் முப்பது லட்சம் பேர் செல்கின்றனர். அவர்களைச் சுமக்கும் போக்குவரத்துக் கழகம் மட்டும் ஆண்டுதோறும் நட்டக் கணக்கைக் காட்டித் தலைகுனிந்து நிற்க வேண்டுமா? மெட்ரோவுக்குக் கொடுப்பது முதலீடு, பேருந்துக்குக் கொடுப்பது மானியம் என்னும் பாகுபாடு நீங்க வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அதற்கான தொகையை அரசு கழகத்துக்கு ஈடுசெய்கிறது. சேவைக்குப் பொதுநிதி அளிப்பது முறையே என்பதை அரசே ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்று. இந்நெறி பேருந்து இயக்கம் முழுமைக்கும் விரிய வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்க்கு ஒரு விடையுண்டு. மெட்ரோ தூண் எழும்பத் தொடங்கியதுமே சுற்றுவட்டார மனைவிலை ஏறுகிறது. பொதுப்பணத்தால் விளைந்த அவ்வேற்றத்தின் பெரும்பகுதி தனியார் மடியில் விழுகிறது. அதில் ஒரு பங்கைக் கூடுதல் தளப்பரப்புக்கான கட்டணத்தாலும் பத்திரப்பதிவு வருவாயாலும் மீட்டு, போக்குவரத்துக்கென்றே ஒதுக்குவதே நீதி. இதனால் வீட்டு விலை உயரும் என்ற அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆகவே சிறு வீடுகளுக்கு விலக்களித்து, பெருங்கட்டடங்கள் மீதே கட்டணம் விதிக்க வேண்டும்.

இவற்றை ஒருமுகப்படுத்த அமைப்பு இல்லாமல் இல்லை. ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. குழுமத்தின் முதற்கூட்டம் 2022இல் நடந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு வழங்கும் செயலி 2025இல் வந்தது. பாராட்டுவோம். ஆனால் பயணச்சீட்டை இணைத்த குழுமத்துக்கு நிதியை இணைக்கும் அதிகாரமும் வேண்டும்.

எனவே அரசு மூன்றைச் செய்தல் வேண்டும். நிலவருவாயின் பங்கோடு கூடிய நிலையான போக்குவரத்து நிதியம் ஒன்றைச் சட்டப்படி நிறுவி, அதன் கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். பேருந்துக் கழகத்துக்கு ஓடிய தொலைவுக்கும் காலந்தவறாமைக்கும் ஏற்ப முன்கூட்டியே தொகை உறுதிசெய்ய வேண்டும். பெருங்குடியிருப்பு எதற்கும், அது தனியாருடையதாயினும் அரசு வீட்டு வாரியத்துடையதாயினும், பேருந்தோ ரயிலோ உறுதிசெய்யப்படுமுன் அனுமதி வழங்கலாகாது. இம்மூன்றும் மூன்றாம் முழுமைத் திட்டத்தில் பரிந்துரைகளாகவன்றி, அரசைக் கட்டுப்படுத்தும் விதிகளாக இடம்பெற வேண்டும். நிதிக்கு வழி சொல்லாத திட்டத்தை அரசு ஏற்கலாகாது.