மாறிலியை மாற்றலாமா?

பிஎச்பி மொழியில் ஒரு மாறிலியின் மதிப்பை, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது எப்படி என்று ஆய்வு மாணவர்கள் கேட்பதுண்டு. 'எப்படி' என்பதற்கு முன் 'ஏன்' என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

சொல்நிகழ்வுப் பட்டியல் தயாரிக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். 5 முறைக்குக் குறைவாக வரும் சொற்களை விலக்க வேண்டும். அந்த எல்லை 'டிஃபைன்' வழியாக மாறிலியாக வரையறுக்கப்பட்டுள்ளது. அடுத்து வரும் சிறிய தரவுத்தொகுதிக்கு 3 போதும் என்று கருதி, அதே பெயரை மீண்டும் வரையறுக்கிறோம். மொழி அதை ஏற்பதில்லை. ஓர் எச்சரிக்கை எழும். மதிப்பு 5 ஆகவே நீடிக்கும். ஆனால் வழங்கிகளில் எச்சரிக்கைகள் திரையில் தோன்றாமல் பதிவுக் கோப்புக்குச் செல்லுமாறு அமைப்பதே வழக்கம். ஆய்வேட்டில் 3 என்று எழுதுவோம். அட்டவணையோ 5இன்படி அமைந்திருக்கும்.

ரன்கிட் என்னும் நீட்சியை நிறுவினால் மாறிலியை உண்மையாகவே மாற்றிவிட முடியும். அது இன்னும் கேடானது. பிஎச்பியில் மாறியின் பெயர் டாலர் குறியோடு தொடங்கும். மாறிலிக்கு அக்குறி இல்லை. தமிழில் 'இலி' உணர்த்துவதை அங்கே அக்குறியின் இன்மை உணர்த்துகிறது. நிரலைப் படிப்பவர் அதை நம்பி, வரையறையை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே செல்கிறார். மாறிலியை மாற்றுவது அந்த நம்பிக்கையை முறிப்பதாகும்.

வகுப்பு மாறிலிகளைச் சேய் வகுப்பு மறுவரையறை செய்யலாமே என்று சிலர் வாதிடலாம். அங்கே தாய் வகுப்பின் மதிப்பு மாறுவதில்லை. சேய் தனக்கென வேறொன்றைக் கொள்கிறது. அதையும் வேண்டாம் என்பவர்களுக்காக 8.1ஆம் பதிப்பு 'ஃபைனல்' என்னும் தடையை வகுப்பு மாறிலிகளுக்கும் தந்தது.

தரவுக்கேற்ப மாற வேண்டிய எல்லை, தொடக்கத்திலிருந்தே மாறிலி அன்று. அதைச் செயற்கூறுக்கு உள்ளீடாகக் கொடுங்கள். ஒவ்வோர் அட்டவணையின் தலைப்பிலும் அம்மதிப்பு அச்சாகும்படி செய்யுங்கள். நம் முடிவைச் சரிபார்க்க வருபவர் நிரலையும் அட்டவணையையும் மட்டுமே காண்பார். நம் மனத்தில் இருந்த எண்ணை அவர் காண இயலாது.