கட்டையும் கண்ணீரும்

பழைய இசைத்தட்டுப் பாடல் ஒன்றைச் செயலியில் தேடினால் மூன்று விவரங்கள் வருகின்றன: வேகம், சுருதி, மனநிலை. முதல் இரண்டும் எண்கள். மூன்றாவது ஒரு சொல். பாடியவர் பெண் என்றால் அந்தச் சொல் பெரும்பாலும் ‘பக்தி’, இல்லையென்றால் ‘சோகம்’. செயலிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் நம் ரசிகர்களும் விமர்சகர்களும்தான். அவர்களுடைய தீர்ப்பை நான் ஏற்க மறுக்கிறேன்.

சுருதியிலிருந்து தொடங்குவோம். ஆணுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை. பெண்ணுக்கு ஐந்து, ஐந்தரை என்பது இன்றைய கச்சேரி வழக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. தரையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் விளங்க வேண்டும். விடிய விடிய நடக்கும் நாடகத்தில் ஆணும் பெண்ணும் உச்சத்தில் பாடியே தீர வேண்டும். அந்த மேடையில் வளர்ந்தவர்கள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். உயர்ந்த கட்டை அவர்களுடைய தொழில் திறமை. தொண்டையும் நுரையீரலும் செய்த வேலை.

ஆனால் பாராட்டில் பாருங்கள். கிட்டப்பாவின் உச்சத்துக்குப் பெயர் கந்தர்வ கானம், சாரீர வளம். சுந்தராம்பாளின் உச்சத்துக்குப் பெயர் உருக்கம். கிட்டப்பா இறந்தது 1933இல். அதற்கு முன் பதிவான தட்டுகளிலும் வெள்ளைச் சேலையின் அழுகையைக் கேட்டதாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் வாழ்க்கைக் கதையைக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டைக் கேட்கிறார்கள்.

வேகத்துக்கு வருவோம். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம், சற்றுக் கூடுதலாகத்தான் பதிய முடியும். மேடையில் அரைமணி நேரம் விரியும் பாட்டை அதற்குள் அடக்க வேண்டும். அந்தப் பரபரப்பில் கம்பெனியின் கடிகாரமும் இருக்கிறது. இன்னொன்று: நிமிடத்துக்கு 78 முறை சுழல வேண்டிய தட்டு 83 முறை சுழன்றால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும், வேகமும் கூடிவிடும். தட்டைச் சுழற்றுகிற மோட்டார் செய்த வேலைக்கும் ‘பெண்மையின் படபடப்பு’ என்று பெயர் வைக்கலாமா?

மனநிலைதான் இருப்பதிலேயே பெரிய மோசடி. கியூபாவின் ‘எல் மனிசெரோ’ கடலை விற்பவரின் கூவலிலிருந்து பிறந்த ‘சோன்’ வகைப் பாட்டு. 1930இல் நியூயார்க்கில் பதிவான தட்டில் ‘ரும்பா’ என்று அச்சிட்டார்கள். உலகமும் அதையே பிடித்துக்கொண்டது. லேபிளை ஒட்டுகிறவர் சொல்வதுதான் பெயர். நம் ‘வள்ளி திருமண’த்துக்கும் அதுதான் நேர்ந்தது. மதுரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடக்கும் அந்த நாடகத்தின் உயிர் தர்க்கம். தினைப்புனக் காவல்காரி கடவுளையே நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். அவன் மடக்கினால் அவளும் மடக்குகிறாள். வாதாடும் பெண்ணின் குரலைத் தட்டில் பதிந்து, பட்டியலில் ‘பக்தி’க்குக் கீழே போட்டுவிட்டோம்.

மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில் முதல் தட்டுக்குப் பாடினார். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். இசையே அந்த வீட்டின் தொழில், வருமானம். பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எம்’ ஊர், ‘எஸ்’ தாய். அந்த முதலெழுத்தை ஊரே உச்சரிக்கிறது. அது ஒரு தாயின் பெயர் என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? ‘தெய்வீகக் குரல்’ என்ற ஒற்றைச் சொல் அம்மாவின் கண்டிப்பையும் மணிக்கணக்கான சாதகத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. தெய்வம் பாடியது என்று சொல்லிவிட்டால் உழைத்த பெண்ணுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

என் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான். பழைய தட்டைக் கேட்கும்போது மனநிலைப் பட்டியலை மூடி வையுங்கள். எந்தக் கட்டை, ஏன் அந்தக் கட்டை? எங்கே மூச்சு வாங்கினாள்? மூன்று நிமிடத்தில் எதை விட்டாள், எதை விடாமல் பிடித்தாள்? இவற்றைக் கேளுங்கள். அவள் அழுதாளா என்பதை அப்புறம் பேசலாம். அவள் வேலை செய்துகொண்டிருந்தாள்.