சுவர்கள் மட்டும் போதுமா?

பழைய கட்டடங்களைப் பாதுகாத்தால் வரலாறும் பாதுகாக்கப்படும் என்று பலர் நினைக்கின்றனர். அது பாதி உண்மைதான்.

1989ஆம் ஆண்டு லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால், கீழே கடையும் மேலே வீடும் கொண்ட கடைவீடுகளை இன்றும் அங்குக் காணலாம். ஆனால், மாடியில் ஓர் அறையை எத்தனை பேர் பகிர்ந்துகொண்டனர், சண்டை வந்தால் யார் சமாதானம் செய்தனர் என்பதைச் சுவர்கள் சொல்வதில்லை. அங்கு வாழ்ந்தவர்களே சொல்ல முடியும்.

1976இல் கட்டி முடிக்கப்பட்ட, 38 மாடிகள் கொண்ட பேர்ல் பேங்க் அடுக்குமாடிக் கட்டடம் இன்று இல்லை. அங்கு வாழ்ந்தோரின் நினைவுகள் இருக்கின்றன.

இத்தகைய நினைவுகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் பதிவுசெய்து வருகிறது. எனினும், ஒரு நிலையத்தால் எல்லா வீட்டுக் கதவுகளையும் தட்ட இயலுமா? வரலாறு பயிலும் மாணவர்களும் முதியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.

முதியவர்களின் நினைவு தவறலாம் என்று சிலர் கூறுவர். உண்மைதான். அவர்கள் கூறுவதைப் பழைய வரைபடங்களுடனும் செய்தித்தாள்களுடனும் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். ஆனால், கேட்காமலே விட்டுவிட்டால் சரிபார்க்க எதுவும் இருக்காது.

கட்டடம் காத்திருக்கலாம், தாத்தா பாட்டியின் நினைவு காத்திருக்காது.