மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு ராஜ்யமா?

2024ம் வருஷம் ஜூலை மாதம் 4ந் தேதி இங்கிலாந்து தேசத்தில் பார்லிமெண்டு எலெக்ஷன் நடந்தது. அங்கு இரவு 10 மணிக்கு ஓட்டுச்சாவடியை மூடி, விடிய விடியக் காகிதச் சீட்டுகளைக் கையாலேயே எண்ணி, ஒவ்வொரு தொகுதியிலும் அபேட்சகர்களை மேடையில் வரிசையாய் நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் கணக்கை வாசித்துவிடுகிறார்கள். அன்று பிரதம மந்திரியாயிருந்த ரிஷி சுனக் நின்ற அதே மேடையில், தலையில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தது போல் வேஷமிட்ட ஒரு அபேட்சகரும் நின்றார். மந்திரிக்கு ஒரு மேடை, கோமாளிக்கு ஒரு மேடை என்பது அங்கில்லை. இந்த மட்டில் அந்த முறை நமக்கு மெத்தப் பிடித்திருக்கிறது.

மறுநாள் மாலை சென்னையிலிருந்து வண்டியில் அரக்கோணம் திரும்பிய தோழர்கள் சிலர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த உமா குமரன் என்னும் அம்மையார் லண்டனில் ஒரு தொகுதியில் ஜெயித்ததைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். நமக்கும் சந்தோஷமே. ஆனால் அவர்களில் ஒருவர், "650 ஸ்தானத்தில் தொழிற்கட்சிக்கு 411, தேசமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது" என்றார். தேசம் அப்படிச் சாயவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

தொழிற்கட்சிக்கு விழுந்த ஓட்டு 100க்கு 34கூட நிரம்பவில்லை. கிடைத்த ஸ்தானமோ 100க்கு 63. ரிபார்ம் என்னும் கட்சிக்கு 41 லட்சம் ஓட்டு, 5 ஸ்தானம். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 35 லட்சம் ஓட்டு, 72 ஸ்தானம். அதிக ஓட்டு வாங்கியவனுக்குக் கைப்பிடி அரிசி, குறைந்த ஓட்டு வாங்கியவனுக்கு மூட்டை அரிசி! ரிபார்ம் கட்சி, குடியேறி வருகிறவர்களை எதிர்க்கும் கட்சி. அதன் கொள்கையில் நமக்குத் துளியும் சம்மதமில்லை. ஆனாலும் கணக்கு கணக்குத்தானே? முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் அம்மையார் தமது தொகுதியில் 630 ஓட்டில் தோற்றார். அவரை ஜெயித்தவருக்கு விழுந்ததோ 100க்கு 27க்கும் குறைவு. அதாவது அத்தொகுதியில் ஓட்டுப்போட்ட நாலு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் வேண்டாமென்ற மனிதரே அந்த நாலு பேருக்கும் பிரதிநிதி!

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ நாலு பேர் கூட்டாகப் பணம்போட்டுத் தோல் வியாபாரம் செய்கிறார்களென்று வைத்துக்கொள்வோம். 34 ரூபாய் போட்டவர் லாபத்தில் 63 ரூபாயை எடுத்துக்கொண்டு, 14 ரூபாய் போட்டவர் கையில் முக்கால் ரூபாயைத் திணித்தால், அந்தக் கூட்டு ஒரு வாரம் நிற்குமா? மண்டியில் செல்லாத கணக்கு ராஜ்யத்தில் மட்டும் எப்படிச் செல்லுகிறது?

இங்கிலாந்துக்காரன் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். அவன் வைத்துவிட்டுப் போன கணக்கைத்தான் நாமும் போடுகிறோம். 2014ல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வுக்கு 100க்கு 44 ஓட்டு, 39ல் 37 ஸ்தானம். தி.மு.க.வுக்கு ஏறக்குறைய 24 ஓட்டு, ஸ்தானம் பூஜ்யம். 2024ல் சக்கரம் திரும்பியது. தி.மு.க. கூட்டுக்கு 100க்கு 47 போல் ஓட்டு, 39ம் அவர்களுக்கே. அ.தி.மு.க.வுக்கு 20க்கு மேல் ஓட்டு, ஸ்தானம் பூஜ்யம். நமக்கு வேண்டியவர் ஜெயித்த வருஷத்தில் இதை மறந்து, தோற்ற வருஷத்தில் மட்டும் அழுவது யோக்கியமாகாது.

இதில் அதிகமாக அடிபடுகிறவர்கள் யார்? ஊருக்கு ஊர் சிதறிக் கிடக்கிற ஒடுக்கப்பட்ட மக்களே. 2014ல் இந்தியா முழுவதிலும் பகுஜன் சமாஜ் கட்சிக்கு இரண்டு கோடிக்கு மேல் ஓட்டு விழுந்தது. ஓட்டில் மூன்றாவது பெரிய கட்சி. ஸ்தானமோ ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு கோடிப் பேரும் ஒரே மூலையில் குடியிருந்தால் ஸ்தானம் கிடைத்திருக்கும். சேரி சேரியாகப் பிரித்து வைத்தவன் யார், பிறகு பிரிந்திருப்பதாலேயே உனக்குப் பங்கில்லை என்கிறவன் யார் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

பங்கு கேட்பது நமக்குப் புதிதல்ல. 1920ல் மெஸ்டன் தீர்ப்பினால் சென்னை சட்டசபையில் பார்ப்பனரல்லாதாருக்கு 28 ஸ்தானம் ஒதுக்கப்பட்டது. 1925ல் காஞ்சீபுரம் மகாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமில்லையென்றதும் பெரியார் காங்கிரசை விட்டே வெளியேறினார். ஜனத்தொகைக்குத் தக்க உத்தியோகம் என்பதும், ஓட்டுக்குத் தக்க ஸ்தானம் என்பதும் ஒரே கணக்குத்தான். முன்னதற்காகத் தொண்டை கிழியப் பேசிய நாம் பின்னதைப் பற்றி வாய் திறவாதிருப்பது நமக்கே வெட்கமாயிருக்கிறது.

1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வேண்டுமென்று ஒரு திருத்தம் வந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. எழுத்தறிவில்லாத ஜனங்களுக்கு அம்முறை கடினம் என்பதும், ஆட்சி நிலைக்காது என்பதும் அவர் சொன்ன காரணங்கள். அவர் வாக்கையும் நாம் வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. கொண்டால் அதுவே அவருக்குச் செய்யும் அவமரியாதை. 1951ல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 18 பேர். 2011ல் தமிழ்நாட்டில் 80 பேர். முதல் காரணம் போய்விட்டது. இரண்டாவது காரணத்தை நாம் தள்ளிவிடவில்லை. கட்சிகள் கூடிப் பேரம் பேசி ஆளவேண்டிவரும், அதில் அசிங்கமும் உண்டு. ஆனால் நிலைத்த ஆட்சியெல்லாம் நல்ல ஆட்சியா? 1977ல் இலங்கையில் 100க்கு 51 ஓட்டு வாங்கிய கட்சி 168ல் 140 ஸ்தானத்தைப் பிடித்தது. அந்தப் பலத்தால் புது அரசியல் சட்டம் செய்தது. 1982ல் எலெக்ஷனே இல்லாமல் பார்லிமெண்டின் ஆயுளை நீட்டிக்கொண்டது. அப்படி நிலைத்த ஆட்சியில்தான் 1983ன் கொலைகள் நடந்தன. 1989 முதல் அங்கே விகிதாச்சார முறை வந்தும் 2009 வரை யுத்தம் ஓயவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். இது சகல ரோக சஞ்சீவி அல்ல, நியாயமான தராசு, அவ்வளவே.

இன்னொரு வேடிக்கை. எம்.எல்.ஏ.க்கள் ராஜ்யசபைக்கு ஆள் அனுப்பும்போது விகிதாச்சார முறைதான். 6 ஸ்தானம் காலியானால், 234 பேரில் 34 பேர் சேர்ந்தால் ஒரு ஸ்தானம். அதனால் 2022ல் ஆளுங்கட்சிக் கூட்டுக்கு 4, அ.தி.மு.க.வுக்கு 2 என்று சண்டையின்றி முடிந்தது. ஜனாதிபதியையும் அந்த ஓட்டு முறையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கர்ப்பக்கிரகத்துக்குள் ஒரு சாஸ்திரம், வெளிப்பிரகாரத்தில் நிற்கிறவனுக்கு ஒரு சாஸ்திரம்!

இங்கிலாந்தில் 2011ல் இதை மாற்றலாமா என்று ஜனங்களையே கேட்டார்கள். கேட்டதும் முழு விகிதாச்சாரமல்ல, அபேட்சகர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறைதான். ஓட்டுப்போட வந்தவர்களே 100க்கு 42 பேர். அவர்களில் 68 பேர் வேண்டாமென்றார்கள். சரி, அவர்களைக் கேட்கவாவது கேட்டார்கள். இங்கே 1999ல் சட்டக் கமிஷன், லோக்சபையில் நாலில் ஒரு பங்கு போல் ஸ்தானங்களைக் கூட்டி அவற்றை விகிதாச்சாரப்படி கொடுக்கலாமென்று யோசனை சொல்லியும், அது காகிதத்தோடு நின்றது.

அரக்கோணத்துக்கு ஓட்டு கேட்க வந்த இரண்டு கட்சிக்காரர்களிடம், ராஜ்யசபைக்கு உங்களுக்கு வேண்டியிருக்கிற கணக்கு எங்களுக்கு மட்டும் ஏன் வேண்டாமென்று கேட்டுப் பார்த்தோம். ஒருவர், "அண்ணே, அதெல்லாம் டில்லி விஷயம்" என்றார். மற்றவர் நோட்டீசைக் கையில் கொடுத்து, "ஓட்டை மட்டும் வீணாக்கிவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.