மாணவர் என்றொரு அரைப்பேர்

கேட்ட கிலோ வராத நாளில் செக்ரோலில் அரைப்பேர்தான் விழும். காலையிலிருந்து மலையில் நின்றது முழுநாள், மழையில் நனைந்தது முழு உடம்பு, கணக்கில் மட்டும் பாதி. இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் இதே கணக்கு அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்கும் போடப்படுகிறது என்றால் நம்மில் பலர் நம்பமாட்டோம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஓர் அரச பல்கலைக்கழகம். பத்து வளாகங்கள், உலகப் புகழ். அங்கே முதல் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மேடையில் நின்று விரிவுரை செய்பவர் பேராசிரியர். அதற்குப் பிறகு சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பாடத்தைப் புரியவைப்பதும், ஆய்வுகூடத்தில் பக்கத்தில் நிற்பதும், நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்திப் புள்ளி போடுவதும் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்படுவது வழக்கமாக '50 வீத' நியமனம். கிழமைக்கு 20 மணித்தியாலம் என்று தாளில் இருக்கும். மீதி நேரம் உனது சொந்தப் படிப்பு என்பார்கள். ஆய்வுகூடத்தில் இரவு பத்து மணிக்கு நிற்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், எது படிப்பு, எது வேலை என்று. அந்த ஆராய்ச்சியைக் காட்டித்தான் பல்கலைக்கழகம் நிதி வாங்குகிறது, பெயர் வாங்குகிறது. செய்கிற கைக்கு மட்டும் அரைப்பேர்.

2022இல் அப்படிக் கற்பித்தவர்களின் ஆகக் குறைந்த சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 23,000 டொலர். ரூபாவில் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடவேண்டாம். அங்கே வீட்டு வாடகையும் டொலரில்தான். சம்பளத்தில் 30 வீதத்துக்கு மேல் வாடகைக்கே கொடுக்கும் உறுப்பினர்கள்தான் மிகப் பெரும்பாலானோர் என்று அவர்களது சங்கம் சொன்னது. இதில் நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கும் விஷயம் வேறொன்று. பலர் குடியிருப்பது பல்கலைக்கழகத்தின் வீட்டிலேயே. மாதக் கடைசியில் சம்பளம் கொடுப்பவரும் அடுத்த நாளே வாடகை கேட்பவரும் ஒரே ஆள். வேலை போனால் வீடும் ஆட்டம் காணும். லயத்தில் பிறந்த நமக்கு இந்தப் பயம் தெரியும்.

அவர்களுக்கும் துரை உண்டு. ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர் நல்லவராக அமைந்தால் பிழைத்தார்கள். அமையாவிட்டால் ஐந்து, ஆறு வருடம் அவருடைய முகத்தைப் பார்த்தே காலம் தள்ள வேண்டும். நிதி அவர் கையில், ஆய்வேட்டுக்கு ஒப்புதல் அவர் கையில், நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வேண்டிய சிபாரிசுக் கடிதமும் அவர் கையில். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளின் நிலை இன்னும் இறுக்கம். வீசா நிபந்தனையால் பாடம் நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. வெளியார் என்பதற்காக ஆண்டுக்கு 15,102 டொலர் மேலதிகக் கட்டணமும் உண்டு. அதைத் துறையோ பேராசிரியரோ கட்டினால் தப்பலாம்.

இதையெல்லாம் கேட்கப் போனபோது வந்த பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நீங்கள் தொழிலாளர் அல்ல, மாணவர்கள், பயிலுநர்கள், உங்களுக்கு எதற்குச் சங்கம் என்றார்கள். கற்பிக்கும் உதவியாளர்கள் அந்த வாசலைத் தாண்டிச் சங்கத்துக்கு வாக்களித்தது 1999இல். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்களோ 2017இல் மாநிலச் சட்டம் மாறும்வரை காத்திருந்தார்கள். அதன்பிறகும் வேலைநிறுத்தம் வரும் என்று காட்டிய பின்னர்தான், 2021 டிசெம்பரில், அவர்களது சங்கத்தை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. அவர்கள் சேர்ந்தது கார்த் தொழிற்சாலைத் தொழிலாளரின் சங்கத்தில். படித்தவர்கள் தனிச்சங்கம் வைத்துக்கொள்ளாமல் அங்கே போனது நமக்குப் பிடித்திருக்கிறது.

2022 நவம்பர் 14ஆம் திகதி பத்து வளாகங்களிலும் ஏறத்தாழ 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். திகதியைக் கவனியுங்கள். தவணை முடிந்து பரீட்சை வரும் நேரம். கொழுந்து தளிர்த்து நிற்கும் நேரத்தில் நாம் மலையேறாவிட்டால் அது முற்றிப்போகும். அங்கே புள்ளி போட ஆள் இல்லாவிட்டால் பெறுபேறு வராது. பேராசிரியர்களில் ஒரு பகுதியினர், அந்த வேலையை நாங்கள் செய்து கொடுக்கமாட்டோம் என்று நின்றார்கள். பொதி கொண்டுவந்த லொறிச் சாரதிகளில் சிலர் மறியல் நின்ற இடத்தைத் தாண்டவில்லை.

கேட்டது ஆண்டுக்கு 54,000 டொலர். டிசெம்பர் 23இல் ஒப்பந்தம் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது கற்பிப்பவர்களுக்குக் கிடைத்தது, 2024 ஒக்டோபர் அளவில் 34,000, மூன்று வளாகங்களில் மட்டும் 36,500. 1,700 என்று வர்த்தமானியில் வந்தது அதே ஆண்டு செப்டெம்பரில் 1,350 ஆகச் சுருங்கியதைப் பார்த்த நமக்கு இது புதினமல்ல. ஆனாலும் இரண்டே வருடத்தில் ஏறக்குறைய அரைப்பங்கு உயர்வு. சும்மா கிடைத்ததல்ல.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். பட்டம் முடித்த ஆராய்ச்சியாளர்களின் பிரிவு முதலில் தனியாக உடன்பட்டு வேலைக்குத் திரும்பியது. மற்றவர்கள் வாசலில் நிற்கையில் நடந்தது இது. வாடகை ஏறும்போது சம்பளமும் ஏறவேண்டும் என்ற கோரிக்கை, போராட்டம் தொடங்கி அதிக நாள் ஆகுமுன்னே மேசையிலிருந்து போய்விட்டது. சான்டா குரூஸ் வளாகத்துப் பிள்ளைகள் அந்தக் கோரிக்கைக்காகவே 2019 டிசெம்பரில் புள்ளிகளை நிறுத்திவைத்து, 2020இல் ஐம்பதுக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பின்னர் பலர் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். அந்த வளாகத்தில் புதிய ஒப்பந்தத்துக்குப் பெரும்பான்மையோர் எதிராக வாக்களித்ததில் என்ன வியப்பு? வாடகை கூடிய ஊர் அது, ஆனால் கூடிய சம்பளம் வேறு மூன்று வளாகங்களுக்கு. பிறகு சில துறைகள் புதிய மாணவர்களைக் குறைத்து எடுத்தன. நாட்சம்பளம் கூடியதும் கிலோவைக் கூட்டி, வேலை நாளைக் குறைத்த கதைதான்.

மூன்று நான்கு கொடிகளின் கீழ் நிற்கும் நாம் அவர்களைப் பார்த்து, பிரிந்துவிட்டீர்களே என்று சொல்லும் தகுதியில் இல்லை. எனினும் மாணவர், பயிலுநர், உதவியாளர் என்ற சொற்களை நாமும் பட்டிருக்கிறோம். 2015இல் நமது பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக வந்தவர்களுக்கு மாதம் 6,000 ரூபாதான் கொடுப்பனவு. பின்னரே அது 10,000 ஆனது. வகுப்பு முழு வகுப்பு, பாடவேளை முழுப் பாடவேளை. பிள்ளைகள் சேர் என்றும் டீச்சர் என்றும்தான் கூப்பிட்டார்கள், உதவியாளர் என்றல்ல. நம்மில் பலர் பஸ் காசுக்கு வீட்டில் கைநீட்டி, அம்மா கைக்காசு வாங்கும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிரந்தர நியமனம் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில், நீங்கள் இன்னும் பயிற்சியில் இருப்பவர்கள் என்பதே.

இப்போது மலைக்கு வருகிறது அடுத்த பெயர். நாட்சம்பளம் வேண்டாம், ஆளுக்குக் கொஞ்சம் தேயிலை பிரித்துத் தருகிறோம், நீங்களே பராமரித்துக் கொழுந்தை எங்களுக்கே விற்றுக்கொள்ளுங்கள், இனி நீங்கள் தொழிலாளியல்ல, முதலாளி என்கிறார்கள். அவுட்குரோவர் என்று சொல்கிறார்கள். சில தோட்டங்களில் நடக்கிறது. உழைப்புக்கு ஏற்ற வருமானம் என்பது காதுக்கு இனிமைதான், சில குடும்பங்களுக்கு நல்ல மாதங்களும் இருக்கின்றன. நிலம் மட்டும் நம் பெயருக்கு எழுதப்படுவதில்லை. கொழுந்தின் விலையை நிர்ணயிப்பதும் நாமல்ல. தொழிலாளி என்ற பெயர் போன இடத்தில் ஊழியர் சேமலாப நிதியை யார் கட்டுவது, பணிக்கொடை எந்த வருடத்தோடு நிற்கும், பிரசவ லீவை யாரிடம் கேட்பது? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தரும் தாளை நாம் இன்னும் பார்க்கவில்லை.

ஆகையால் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு தாள் உங்கள் தோட்டத்துக்கு வந்தால் யாரும் அன்றைக்கே கையெழுத்து வைக்கவேண்டாம். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் தமிழில் கேளுங்கள், ஒரு பிரதி வாங்கிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பாடசாலை விட்டபின் நாமும் வந்து உட்கார்ந்து, 'தொழிலாளி' என்ற சொல் அதில் எந்த வரியில் இருக்கிறது என்று சேர்ந்தே தேடுவோம்.