நாப்கின் வந்தது, தீட்டு போகவில்லை

2025 ஏப்ரலில், கோவை மாவட்டம் கிணத்துக்கடவு அருகே ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதி மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதும் காணொலி தமிழகம் முழுவதும் பரவியது. காரணம், அந்தச் சிறுமிக்கு மாதவிடாய். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. வீட்டார் கேட்டதால்தான் தனியாக உட்கார வைத்தோம் என்பது பள்ளித் தரப்பின் விளக்கம். அப்படியே கேட்டிருந்தாலும் பள்ளி சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்றுதான்: இங்கே தீட்டு கிடையாது.

சாதிக்கும் மாதவிடாய்க்கும் தீட்டு என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஒன்று, ஒரு சமூகத்தையே ஊருக்கு வெளியே நிறுத்தியது. மற்றது, பெண்ணை வீட்டுக்கு வெளியே நிறுத்துகிறது. 2018-ல் சபரிமலை வழக்கில் நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களை ஒதுக்குவதும் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்த தீண்டாமையின் ஒரு வடிவமே என்று எழுதினார். அதே அமர்வில் இருந்த நீதிபதி இந்து மல்ஹோத்ரா அதை ஏற்கவில்லை. சட்ட விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஊர் நம்மை ஒதுக்கினால் போராடுகிறோம். நம் காலனி வீட்டில் மகளுக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் கொடுத்துத் திண்ணைக்கு அனுப்பினால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

ஒதுக்கி வைப்பது உயிரையும் எடுக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், வயதுக்கு வந்ததால் தனிக் குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்த சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் புதுயுகம் திட்டம் 2011-12-லேயே வந்துவிட்டது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அத்திட்டம் வகுத்த அளவு, ஆண்டுக்கு 18 பாக்கெட், ஒன்றில் 6 நாப்கின். மொத்தம் 108, மாதத்துக்கு 9. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் அது இரண்டு நாளுக்குத்தான் வரும். மீதி நாட்களுக்குக் கடையில் வாங்க வேண்டும். அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலி தள்ளிப்போகும் மாதத்தில், ஒரே நாப்கினை நாள் முழுக்க வைத்திருப்பார்கள், அல்லது ஈரம் காயாத துணிக்குத் திரும்புவார்கள். அரிப்பும் தொற்றும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

நாப்கின் இருந்தாலும் மாற்ற இடம் வேண்டும். கதவில் தாழ்ப்பாள் இல்லாத, குழாயில் தண்ணீர் வராத கழிப்பறைக்குள் எந்தப் பிள்ளையும் போக மாட்டாள். அந்தக் கழிப்பறையை யார் சுத்தம் செய்வது என்ற கேள்வியும் நம் தலையில்தான் விடிகிறது. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே, பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றாமல் குப்பையில் போட்டால், அதைக் கையால் எடுப்பவரும் பெரும்பாலும் நம் வீட்டுத் தூய்மைப் பணியாளர்தான்.

ஆகவே, எத்தனை பாக்கெட் கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும் போதாது. அடுத்த கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கேளுங்கள்: மாணவியர் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் மூடி போட்ட குப்பைத் தொட்டியும் உண்டா? துப்புரவுக்குச் சம்பளத்துக்கு ஆள் உண்டா, அவருக்குக் கையுறை உண்டா? காலனி அங்கன்வாடிக்கு நாப்கின் தவறாமல் வருகிறதா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.

மாணவிகளே, ரத்தப்போக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, தலைசுற்றலும் களைப்பும் இருந்தாலோ, கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், 104-க்கும் பேசலாம். பள்ளியில் யாராவது ஒதுக்கி உட்கார வைத்தால் 1098-ஐ அழையுங்கள். வீட்டில் ஒதுக்குவதை நிறுத்த எந்த எண்ணும் தேவையில்லை. இன்று இரவே மகளை எல்லாரோடும் உட்கார வைத்துச் சோறு போட்டால் போதும்.